கேட்டால் சொல்லுகிறவர்

எங்கள் ஊரில் முற்றத்தை ஒரு நாளைக்கு இரண்டு தரம் கூட்டுவார்கள். விடியக் கூட்டுவது எல்லா ஊரிலும் உள்ளதுதான். பின்னேரம், மாடுகள் பட்டிக்குத் திரும்புவதற்குச் சற்று முந்திக் கூட்டுவது எங்கள் ஊருக்கு மட்டும் உள்ள வழக்கம். வெளியூரிலிருந்து கலியாணம் முடித்து வந்த பெண்கள், "உங்கட ஊர்ச் சனம் சரியான துப்புரவு" என்று மெச்சுவார்கள். துப்புரவும் இல்லை, ஒரு கோதாரியும் இல்லை. எல்லாம் ஒரு மனிதருக்குப் பயந்துதான்.

அவர் மாடு தேடுகிறவர். புளியங்குளத்துக்கு மேற்கே, காடும் குளமுமாகக் கிடக்கிற பக்கம் எங்களுடையது. விதைப்பு முடிந்ததும் மாடுகளைக் காட்டுக்குள் விட்டுவிடுவோம். அவை தம்பாட்டில் மேய்ந்து, தம்பாட்டில் கன்று போட்டு, அறுவடைக்குப் பிறகு வீடு வந்து சேர வேண்டும். வந்து சேராத மாட்டைத் தேடிக் கண்டுபிடிக்க அவரைத்தான் கூப்பிடுவோம். அவர் கண்ணுக்குக் காலடித் தடம் தெரிந்த மாதிரி வேறு ஒருவருக்கும் தெரிந்ததில்லை. மழைக்கு முந்திப் பதிந்ததா பிந்திப் பதிந்ததா, சினை மாடா மலட்டு மாடா, மேய்ந்துகொண்டு போனதா வெருண்டு ஓடினதா, எல்லாம் சொல்லுவார். நாற்பது நாற்பத்தைந்து வயதிருக்கும். மெலிந்த, உயர்ந்த உடம்பு. குனிந்தபடிதான் நடப்பார். பாதையில் நடக்கவே மாட்டார். பாதைக்கு அருகே புல்லுக்குள் நடப்பார். தன் கால் பட்டு மற்றவர்களின் தடம் அழிந்துவிடக் கூடாதாம்.

மாட்டோடு நின்றிருந்தால் ஊர் அவரைத் தலையில் தூக்கி வைத்திருக்கும். அவருக்கு மனிதக் காலும் தெரியும் என்பதுதான் வில்லங்கம். எங்கள் ஒழுங்கையால் ஒரு தரம் போனாரென்றால் யார் வீட்டுக்கு யார் வந்தது, எத்தனை பேர் வந்தது, பாரம் தூக்கிக்கொண்டு வந்தார்களா வெறுங்கையோடு வந்தார்களா என்பதெல்லாம் அவருக்கு வெளிச்சம். "பாம்பின்ர கால் பாம்புக்குத்தான் தெரியும் எண்டுறவை. உந்தாளுக்கு அதுவும் தெரியும்" என்று அம்மா சொல்லுவார். அதனால்தான் அந்தப் பின்னேரக் கூட்டல்.

இவ்வளவும் தெரிந்த மனிதர் ஒரு வம்பளப்பாளராக இருந்திருந்தால் நாங்கள் ஒருவாறு சமாளித்திருப்போம். வம்பளப்பவனின் சொல்லை யார் நம்பப் போகிறார்கள்? இவர் தானாக ஒருவரைப் பற்றி ஒரு சொல் சொன்னதில்லை. ஆனால் கேட்டால் சொல்லுவார். யார் கேட்டாலும், எதைக் கேட்டாலும், தெரிந்ததைத் தெரிந்தபடியே சொல்லுவார். கூட்டவும் மாட்டார், குறைக்கவும் மாட்டார். "தெரியாது" என்று ஒரு பொய் சொல்லித் தப்புவதற்குக்கூட அந்த மனிதருக்கு வராது.

எனக்குப் பதினெட்டு வயதில் ஒரு கூத்து நடந்தது. தையல் வகுப்புக்குப் போகிறேன் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுக் குளக்கட்டில் ஒரு பையனோடு கதைத்துக்கொண்டு நின்றேன். அந்தப் பையனின் கதை வேறு, அதை இங்கே இழுக்கவில்லை. திரும்பி வரும்போது கட்டு முடிகிற இடத்தில் இவர் நிலத்தைப் பார்த்தபடி நின்றார். என் காலைப் பார்த்தார். பிறகு முகத்தைப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார். நாலு நாளைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. அவர் வந்து சொல்லிவிடுவார் என்ற பயமில்லை. அம்மா எங்காவது வழியில் கண்டு, "என்ர பெட்டையைக் கண்டனீரோ?" என்று சும்மா ஒரு வார்த்தை கேட்டுவிடுவாரோ என்ற பயம். அம்மா கேட்கவில்லை, நான் தப்பினேன். ஆனால் அன்றிலிருந்து எனக்கு அந்த மனிதரைக் கண்ணில் காட்டக் கூடாது. தப்பு செய்தவள் நான், கோபம் அவர் மேல். மனித மனம் அப்படித்தானே இருக்கிறது.

கூட்டுறவுச் சங்கக்கடை மனேச்சர் மாட்டுப்பட்டதுதான் ஊர் முழுக்கப் பேசின கதை. ஒரு கிழவி வளர்த்த இளங்காளை, நாம்பன், காணாமல் போய்விட்டது. சங்கக்கடையில் நிவாரணத்துக்கு வரிசையில் நின்ற சனத்துக்கு நடுவே கிழவி மூக்கைச் சிந்திக்கொண்டு இவரிடம் கேட்டாள்.

"என்ர ராசா, என்ர நாம்பனைக் கண்டனியே?"

"லொறியில ஏறினது, ஆச்சி. போன செவ்வாய்க்கிழமை."

"ஐயோ! ஆரடா ஏத்தினது?"

"மனேச்சர்."

மனேச்சர் அந்த நேரம் உள்ளே நின்று மா நிறுத்துக்கொண்டிருந்தார். நெற்றி நிறையத் திருநீறு. அப்படியே தராசை விட்டுவிட்டு வெளியே வந்தார். "என்னடாப்பா விசர்க்கதை கதைக்கிறாய்?" என்று பாய்ந்தார். இவர் குரல் உயர்த்தவில்லை. "உங்கட செருப்பின்ர குதி வலப்பக்கம் தேஞ்சிருக்கு. லொறி நிண்ட இடத்தில அதுதான் கிடந்தது. நாம்பன் ஏற மறுத்து நாலு தரம் திரும்பியிருக்கு" என்றார். மனேச்சர் கிழவிக்கு ஒரு பசுக்கன்று கொடுத்துச் சமாதானமாக வேண்டி வந்தது. யாரோ கேட்டார்கள், "ஒரு கிழமையாத் தெரிஞ்சுகொண்டு ஏன் ஐசே சும்மா இருந்தனீர்?" என்று. "இண்டைக்குத்தானே கேட்டவ" என்றார்.

கிழவி அவரைக் கும்பிட்டாள். மற்றவர்கள் அன்று பின்னேரம் முற்றத்தை வேலியோரம் வரைக்கும் கூட்டினார்கள். எங்கள் ஊரில் மாடு கடத்தாதவர்கள் நிறையப் பேர் இருக்கலாம். ஒளிக்க ஒன்றும் இல்லாதவர்கள் யார் இருக்கிறார்கள்?

மனேச்சர் அதை மறக்கிற ஆளில்லை. பிள்ளையார் கோயிலில் பாரதப் படிப்பு நடந்தது. ஒருவர் பாட்டைப் படிக்க, மற்றவர் அதற்குப் பொருள் விரித்துப் பயன் சொல்ல வேண்டும். பயன் சொல்வது மனேச்சர். பாண்டவர்கள் ஒளித்திருந்த வருசம் சகாதேவன் மாட்டுப்பட்டிக்குக் காவற்காரனாக இருந்த இடம் வந்தது. மனேச்சர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கதையை எங்கேயோ கொண்டுபோனார். சகாதேவனுக்கு நடந்ததும் தெரியும், நடக்கப் போவதும் தெரியும், ஆனால் கேட்டால்தான் சொல்லுவான் என்றார். துரியோதனன் வந்து, உங்களை வெல்ல எனக்கு நல்ல நாள் எது என்று கேட்டபோது எதிரிக்கே நாள் குறித்துக் கொடுத்தவன் அவன் என்றார்.

"எங்கட ஊரிலயும் ஒரு சகாதேவன் இருக்கிறார். மாடும் தெரியும், ஆளும் தெரியும்" என்று சொல்லி, தூணோடு சாய்ந்திருந்தவரைப் பார்த்துச் சிரித்தார். சனமும் சிரித்தது. மனேச்சர் விடவில்லை. "எங்க பாப்பம், துரியோதனன் வந்து கேட்டா நீர் என்ன செய்வீர்?"

கேட்டாயிற்று. அவர் சொல்லத்தானே வேண்டும்?

"கேட்டாச் சொல்லத்தானே வேணும்" என்றார்.

சிரிப்பு நின்றுபோயிற்று. அது தொண்ணூற்றைந்தோ தொண்ணூற்றாறோ. வவுனியாப் பக்கம் ஆமி. இந்தப் பக்கம் காட்டோரம் முழுக்க இயக்கப் பொடியளின் சென்றிகள், காவலரண்கள். அந்த நாளில் அப்படி ஒரு வார்த்தையைக் கோயிலில் வைத்துச் சொல்லலாமா? பாரதம் முடிந்து பாயைச் சுருட்டும்போது ஊரில் அவருக்குப் புதுப் பெயர் வைத்தாயிற்று. அதற்குள் ஒரு முள்ளும் இருந்தது. சகாதேவன் என்றால் எல்லாம் அறிந்தவன் என்று வெளியூரவர்கள் நினைத்தார்கள். எங்களுக்கு, எதிரிக்குச் சொல்லிக் கொடுத்தவன் என்பதுதான் முதலில் நினைவுக்கு வரும்.

அதன் பிறகு அவர் எது செய்தாலும் எங்களுக்குச் சந்தேகம். சென்றியில் நின்ற பொடியளோடு தேத்தண்ணி குடித்தார் என்றால், என்ன சொன்னாரோ? நாலு நாள் காட்டுக்குள் போய் வந்தார் என்றால், எந்தப் பக்கம் போனாரோ? மாடு தேடிப் போனார், மாட்டோடும் வந்தார். அதை யார் பார்த்தார்கள்? அவரிடமே ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம், உள்ளதைச் சொல்லியிருப்பார். ஒருவரும் கேட்கவில்லை. கேட்கப் போய், பக்கத்தில் நிற்கிறவன் நம்மைப் பற்றி வேறொன்று கேட்டுவிட்டால்? ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். எங்கள் ஊர் அவர் முன்னால் மட்டும் வாயை மூடிக்கொண்டு இருந்தது.

இனி என் தம்பியின் கதைக்கு வருகிறேன். அவருடைய கதையும் அதுதான்.

அப்பா எனக்குப் பத்து வயதாயிருக்கும்போதே பாம்பு கடித்துச் செத்துப்போனார். அம்மா, நான், தம்பி மூன்று பேர்தான். தம்பிக்கு அப்போது பத்தொன்பது வயது. அந்த வயதுப் பொடியனுக்கு வவுனியா போக இயக்கத்தின் பாஸ் கிடைக்காது. மாமா ஒருவர் வெளிநாட்டிலிருந்து, எப்படியாவது கொழும்புக்கு வந்து சேரச் சொல், மிச்சத்தை நான் பார்க்கிறேன் என்று எழுதியிருந்தார். தம்பி காட்டால் போவதென்று முடிவெடுத்துவிட்டான். செட்டிகுளம் பக்கமாக இறங்கினால் தெரிந்த வீடொன்று இருக்கிறது என்றான். இரண்டு மாதத்துக்கு முன்னர்தான் பக்கத்து ஊர்ப் பொடியன்கள் இரண்டு பேர் அதே காட்டால் போய் மிதிவெடியில் கால் வைத்தார்கள். ஒருவனைப் பாயில் சுற்றிக் கொண்டுவந்தார்கள். மற்றவனைக் கொண்டுவரவும் இல்லை. அந்தச் செத்தவீட்டுக்குப் போய் வந்த அம்மா இரண்டு நாள் பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் கிடந்தார்.

தம்பி எனக்கு மட்டும்தான் சொன்னான். "அக்கா, அம்மாவுக்குச் சொல்லாதை. அவா குழறி ஊரைக் கூட்டிப்போடுவா" என்றான். தலையிலடித்துச் சத்தியம் வாங்கினான். ஒரு நாள் பொறுத்தேன். இரண்டாம் நாள் பொறுக்க முடியவில்லை. பெற்றவளுக்குச் சொல்லாமல் ஒரு பிள்ளையைக் காட்டுக்கு அனுப்ப எனக்கென்ன நெஞ்சா, கல்லா? சொல்லிவிட்டேன். எந்த நாள், எந்தப் பக்கம், பாலைமரத்தடிப் பாதையால் என்பது வரைக்கும் சொன்னேன். அம்மா குழறவில்லை. "அவனுக்கு எனக்குத் தெரியும் எண்டு காட்டாதை" என்றார். அடுத்த நாள் நெல் ஊறப்போட்டு வறுத்து அவல் இடித்து, நீ செய்தது என்று சொல்லிக் கொடு என்று என்னிடம் தந்தார்.

எங்கள் பயமெல்லாம் சகாதேவனைப் பற்றித்தான். தம்பி தன்னைவிடப் பெரிய கால்காரன் ஒருவனிடம் பழஞ்செருப்பு வாங்கி வைத்திருந்தான். வண்டில் போன தடத்துக்குள்ளேயே நடப்பதென்று சொன்னான். "உந்தாள் என்ர காலைக் கண்டாலும் என்ர காலெண்டு பிடிக்கேலாது" என்று சிரித்தான். அவன் போவதற்கு முதல் நாள் அவர் எங்கள் வேலியோரமாகப் போனார். தம்பி படலையில் நின்றான். அவர் தம்பியின் காலைப் பார்த்தார், புதிதாகக் கிடந்த அந்தப் பழஞ்செருப்பைப் பார்த்தார், போய்விட்டார். நான் விளக்குமாற்றை எடுத்துப் படலையடியைக் கூட்டினேன்.

விடிந்தும் விடியாததுமாகத் தம்பி போனான். வெயில் ஏறுமுன் செய்தி வந்துவிட்டது. பாலைமரத்தடியில் சென்றிப் பொடியள் நாலு பேர் காத்து நின்று பிடித்துக்கொண்டு போனார்களாம். தேடிப் பிடிக்கவில்லை, காத்து நின்று பிடித்தார்கள். அதுதான் முக்கியம். யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

யாரென்று யோசிக்க வேண்டிய தேவையே இருக்கவில்லை. கேட்டிருப்பார்கள், சொல்லியிருப்பார். வேறென்ன? மனேச்சர் வீடு தேடி வந்து, "நான் அண்டைக்கே கோயிலில சொன்னனானெல்லோ?" என்றார். நான் முற்றத்தில் நின்று மண்ணள்ளித் தூற்றினேன். "கட்டையில போவான், அவன்ர கண் அவிஞ்சு போக" என்று வாய்க்கு வந்தபடி திட்டினேன். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. என்னுடைய வாயும் திறந்த வாய்தானே! நான்தானே சத்தியத்தை முறித்தவள்! அவர் சொன்னதாக இருந்தால்தான் எனக்கு நித்திரை வரும். அதனால் மற்றவர்களைவிட நாலு மடங்கு உரத்துத் திட்டினேன்.

அம்மா திட்டவில்லை. ஒரே ஒரு கட்டளை போட்டார். "அந்தாளோட இந்த வீட்டில ஒருத்தரும் கதைக்கக் கூடாது. ஒரு சொல்லும் கதைக்கக் கூடாது." மானமுள்ள அம்மா என்று நினைத்தேன்.

ஊரும் அவரை விலக்கியது. மாடு தவறினால் ஆட்கள் தாங்களே காடு முழுக்க அலைந்து, வெறுங்கையோடு வந்தார்கள். அவரைக் கூப்பிடவில்லை. கோயிலில் அவர் வந்திருந்தால் மற்றவர்கள் எழும்பி மறுபக்கம் போய் இருந்தார்கள். அவர் ஒருவரிடமும் போய், நானில்லை என்று சொன்னதில்லை. அதுவும் எங்களுக்குச் சாட்சியாகிவிட்டது. செய்யாதவன் என்றால் சொல்லியிருக்க மாட்டானா?

எட்டு மாதம் கழித்துத் தம்பியை விட்டார்கள். அதுவரை பங்கர் வெட்ட வைத்திருந்தார்களாம். மரக்குற்றி விழுந்து வலது முழங்கால் சிதைந்திருந்தது. வந்து மூன்றாம் நாள், கோயில் வீதியில் அவரைக் கண்டான். நானும் அம்மாவும் பின்னால் வந்துகொண்டிருந்தோம். நொண்டிக் காலோடு ஓடிப்போய் அவர் கன்னத்தில் அறைந்தான். கைத்தடியால் தோளில், முதுகில், கையில் அடித்தான். அவர் தடுக்கவில்லை. ஏதோ சொல்லப் போகிறவர் மாதிரி முகத்தை நிமிர்த்தினார்.

"வாய் திறக்காதை! ஒரு சொல்லு வந்துதோ, கொண்டுபோடுவன்!" என்று தம்பி கத்தினான்.

அவர் வாயை மூடிக்கொண்டார். உதடு வெடித்து இரத்தம் சேட்டில் வடிந்தது. சனம் பார்த்துக்கொண்டு நின்றது. மறிக்க ஒருவரும் வரவில்லை. எனக்கு, உள்ளதைச் சொல்லுகிறேன், நெஞ்சு குளிர்ந்தது. அம்மாதான் கடைசியில் தம்பியின் கையைப் பிடித்தார். "காணும் அப்பு, காணும்" என்று சொல்லிச் சொல்லி அழுதார். பிள்ளையின் காலை நினைத்து அழுகிறார் என்று நினைத்தேன். அடி வாங்கினவர் நிலத்தில் கிடந்த தன் துவாயை எடுத்துத் தட்டிக்கொண்டு, வழக்கம்போலப் பாதைக்கு அருகே, புல்லுக்குள் நடந்து போனார்.

அடுத்த வருசம் சண்டை எங்கள் பக்கம் வந்தது. புளியங்குளத்தில் செல் குண்டுகள் விழத் தொடங்க, கட்டினதும் கட்டாததுமாக ஊர் எழும்பியது. பட்டிகளை அவிழ்த்து விட்டுவிட்டு வந்தோம். மல்லாவிக்கு அப்பால் ஒரு காணியில் கொட்டில் போட்டு இருந்தோம். நான் பாலர் பள்ளியில் படிப்பித்தேன். தம்பியின் காலைக் காட்ட வவுனியா ஆசுப்பத்திரிக்குப் பாஸ் கிடைத்தது. அவன் திரும்பி வருவானென்று பிணைக்கு நான் நின்றேன். அவன் அப்படியே கொழும்பு போய், மாமாவிடம் போய்ச் சேர்ந்தான். முறிந்த கால்தான் அவனுக்குப் பாஸ் வாங்கிக் கொடுத்தது. ஒவ்வொரு கடிதத்தின் கடைசியிலும் ஒரு வரி இருக்கும்: அந்த நாய் இன்னும் உயிரோடு இருக்கிறானா?

இருந்தார். ஒரு நாள் பள்ளி விட்டு வரும்போது வாய்க்காலோரம் கண்டேன். சரியாகக் கிழண்டிப்போயிருந்தார். தேட மாடில்லை, யாரோ ஒருவரின் வயலுக்கு நீர் கட்டிக்கொண்டு நின்றார். இடது கை முழங்கைக்குக் கீழே கொஞ்சம் கோணலாகப் பொருந்தியிருந்தது. தம்பியின் கைத்தடி பட்ட கை. நான் பேசாமல் போயிருக்கலாம். அம்மாவின் கட்டளை இருந்தது. ஆனால் முதல் நாள்தான் தம்பியின் கடிதம் வந்திருந்தது. நாக்கு அடங்கவில்லை.

"ஏன் அப்பிடிச் செய்தனீங்கள்?" என்று கேட்டேன். நான் அவரோடு நாலு வருசத்துக்குப் பிறகு பேசிய முதல் சொல் அது. "என்ர தம்பி உங்களுக்கு என்ன செய்தவன்? அவன் போற பாதையை ஏன் காட்டிக் குடுத்தனீங்கள்?"

"நான் சொல்லேல்லை, பிள்ளை" என்றார்.

எனக்கு அந்த இடத்திலேயே விளங்கிவிட்டது. இந்த மனிதர் பொய் சொல்லமாட்டார் என்பது எங்கள் ஊரில் பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். அதைத் தெரிந்துகொண்டுதான் நாலு வருசம் அவரிடம் கேட்காமல் இருந்திருக்கிறோம்.

"சென்றியில உங்களைக் கேக்கேல்லையோ?"

"அந்தக் கிழமை என்னை ஒருத்தரும் ஒண்டும் கேக்கேல்லை."

"அப்ப ஆர் சொன்னது?"

அவர் மண்வெட்டியை வரம்பில் வைத்தார். அவர் ஒருவரிடம் திருப்பிக் கேட்டதை நான் கண்டது அன்றைக்கு மட்டும்தான்.

"கட்டாயம் கேக்கிறியோ? கேட்டால் நான் சொல்லிப்போடுவன். கேக்காமல் போனியெண்டா உனக்கு நல்லம்."

போயிருக்கலாம். ஐயோ, போயிருக்கலாம். நான்தான் சொன்னவள், என் வாயால்தான் எங்கேயோ போய்ச் சேர்ந்திருக்கிறது என்று அந்த நொடியில் நினைத்தேன். அதைத் தெரியாமல் இனி இருக்க முடியாது.

"சொல்லுங்கோ" என்றேன்.

"தம்பி போறதுக்கு முதல் நாள் மத்தியானம், நான் சென்றிப் பக்கம் ஒரு பசுவைத் தேடிப் போனனான். உன்ர கொம்மாவின்ர காலடி கிடந்தது. றோட்டால போகாமல் காட்டுக்குள்ளால போயிருக்கிறா. போகேக்கை ஓட்டமும் நடையும். செருப்பு ஒண்டு கழண்டு விழுந்ததைத் திரும்பி எடுக்கவுமில்லை. சென்றிப் படலையில ரெண்டு முழங்கால் பதிஞ்ச இடம் இருந்தது." சொல்லிவிட்டு என்னைப் பார்க்காமல் தண்ணீரைப் பார்த்தார். "அங்கை என்ன கதைச்சவா எண்டு எனக்குத் தெரியாது. நான் காணாததைச் சொல்லமாட்டன். திரும்பி வரேக்கை ரெண்டு இடத்தில நிலத்தில இருந்து எழும்பியிருக்கிறா. மூண்டாவதா இருந்த இடத்தில நான் ஆளையே கண்டனான். அவாவும் என்னைக் கண்டவா. ஒண்டும் கேக்கேல்லை. நான் விலத்திப் போனனான்."

நான் நெல் ஊறினதை நினைத்தேன். அந்த மத்தியானம் நான் தையல் வகுப்பில் இருந்தேன். விறகுக்குப் போனேன் என்று அம்மா சொன்னார். பாயில் சுற்றிக் கொண்டுவந்த அந்தப் பொடியனைக் கண்ணால் கண்ட மனுசி. காட்டுக்குள் போய்ச் சாவதைவிட எங்காவது பிடித்து வைத்திருக்கட்டும், உயிரோடு இருப்பான் என்று நினைத்திருக்கிறார். மடியில் வளர்த்த பிள்ளையைக் காட்டிக்கொடுக்கப் போகிறோம் என்று தெரிந்துகொண்டே அவல் இடித்திருக்கிறார். அது சரியா பிழையா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. தம்பி உயிரோடு இருக்கிறான். கால் நொண்டி.

"அவன் உங்களை அடிக்கேக்கை சொல்லியிருக்கலாமே!" என்றேன். அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தன. யார் மேல் கோபமென்று தெரியவில்லை.

"வாய் திறக்காதை எண்டவனெல்லோ."

"கேட்டிருந்தால்?"

"கேட்டிருந்தாச் சொல்லியிருப்பன், பிள்ளை. எனக்கு வேறை விதமா வராது. கொம்மா பக்கத்தில நிண்டவா. அவன் கேட்டுப்போடுவானோ எண்டுதான் எனக்குப் பயமாக் கிடந்தது. கேக்கேல்லை. கடவுளே எண்டு இருந்தது."

அவர் காலைத் தொட்டுக் கும்பிட வேண்டும் போல் இருந்தது. செய்யவில்லை. அந்த நேரத்திலும் எங்கள் ஊர்ச் சனம் யாராவது கண்டால் என்ன நினைப்பார்கள் என்று ஒரு யோசனை ஓடியது. அப்படிப்பட்ட பிறவி நான். "வாறன்" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன். அவர் தலையாட்டிவிட்டு மண்வெட்டியை எடுத்தார்.

வீட்டுக்கு வந்தபோது அம்மா குசினிக்குள் முருங்கையிலை ஆய்ந்துகொண்டிருந்தார். நான் பிந்தி வந்ததைக் கவனித்திருந்தார்.

"எங்கை நிண்டனீ?"

"வாய்க்காலடியில. மாடு தேடுறவரைக் கண்டனான்."

அம்மா இலை ஆய்வதை விடவில்லை. "என்ன கேட்டனீ?" என்றார்.

அவர் என்ன சொன்னார் என்று கேட்கவில்லை. என்ன கேட்டாய் என்றுதான் கேட்டார்.

"ஒண்டும் கேக்கேல்லை" என்றேன்.

"ம்" என்றார் அம்மா. காம்புகளைக் கூட்டி ஒரு பக்கம் ஒதுக்கினார். சோற்றைப் போட்டு, கறியை விட்டு, என் முன்னால் வைத்தார். நான் பிசைந்து பிசைந்து பார்த்தேன், வாய்க்குப் போகவில்லை. அம்மா எனக்கு எதிரே நிலத்தில் இருந்தார். முகத்தைப் பார்க்காமல் சொன்னார்:

"தம்பிக்குக் கடிதம் எழுதேக்கை, அந்தாளை இனி ஏச வேண்டாம் எண்டு எழுது. பாவம்."

ஏன் அம்மா என்று நான் கேட்கவில்லை. கேட்டால் சொல்லிவிடுவார் என்று பயமாக இருந்தது.